எச்.எம். அறைக் கார்பெட்

எங்கள் வீட்டுக் கார்பெட்டில் முதல் கறையைப் போட்டவர் பங்குச் சாமியார். அதனால் அன்றைக்கு யாரும் வாயைத் திறக்கவில்லை.

புதுவீட்டு மந்திரிப்பு அன்று நடந்தது அது. சாமியாரின் ஒரு கையில் ஜெபப் புத்தகம், இன்னொரு கையில் எரியும் மெழுகுவர்த்தி. கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் தீர்த்தச் செம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். சாமியார் ஹாலின் நடுவில், அதாவது கார்பெட்டின் நடுவில் நின்று, இந்த வீட்டைத் தீமை எதுவும் அண்டக் கூடாது என்று ஜெபித்தார். ஜெபம் கொஞ்சம் நீளம். மெழுகு சொட்டிக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மூடவில்லை. ஏழு சொட்டு விழுந்ததை எண்ணினேன். ஆமென் சொல்லும்போது எட்டாவது விழுந்தது.

கார்பெட் குவைத்திலிருந்து வந்தது. அனுப்பியவள் என் அக்கா. ஒன்பதடிக்கு ஆறடி. பால் பவுடரும் தைலப் பாட்டிலும் இருந்த கார்கோ பெட்டியோடு தனிச் சுருளாக வந்து இறங்கியது. தந்த நிறம் என்று அக்கா சொன்னாள். கடத்தூரிலிருந்து உள்ளே தள்ளி, செம்மண் காட்டுக்கு நடுவில் இருக்கிற வீட்டில் தந்த நிறத்தில் ஒன்றைத் தரையில் விரிப்பது வம்பை விலைகொடுத்து வாங்குகிற வேலை. எங்கள் பக்கத்தில் தரைக்கு என்று ஒரு நிறம் இருக்கிறது. எதைக் கொண்டுவந்து போட்டாலும் மூன்று மாதத்தில் அந்த நிறத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

ஆகவே அதைச் சுருட்டி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, பீரோவுக்குப் பின்னால் நிறுத்திவைத்தோம். விருந்தாளி வந்தால் மட்டும் விரிப்பது என்று முடிவு. இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருப்பது பிறகுதான் தெரிந்தது. கறை போடுகிறவர்களே விருந்தாளிகள்தான். வீட்டில் இருக்கிற நானும் மனைவியும் நாலு வயது மகளும் அதை மிதிப்பதுகூட இல்லை.

நான் அரசுப் பள்ளி ஒன்றில் இளநிலை உதவியாளர். ஆசிரியர்களின் விடுப்புக் கடிதங்களை வாங்கிக் கோப்பில் வைப்பது என் வேலை. அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ப்ளஸ் டூ முடித்து, பத்து வருஷம் வீட்டையும் காட்டையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தருமபுரியில் ஒரு கிளினிக்கில் இரண்டு வருஷம் ஊசி போட்டுக்கொண்டும் சீட்டு எழுதிக்கொண்டும் இருந்தாள். அப்புறம் குவைத்துக்குப் போனாள். அங்கே ஆஸ்பத்திரியில் வேலை. இது எங்கள் பங்கில் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், "நர்ஸம்மா எப்பங்க வர்றாங்க?" என்று என்னைக் கேட்பார்கள். எனக்கு அது பெருமையாக இருக்கும். ஒரு திருவிழாவில் சாமியார் மைக்கிலேயே, "கடல் கடந்து நோயாளிகளுக்குத் தொண்டு செய்யும் நம் சகோதரி" என்று சொன்னார். அக்கா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வயது முப்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு அதைப் பற்றிப் பேச வேண்டியவன் நான். அவ்வப்போது பேசினேன்.

மெழுகு விழுந்த அன்று சாயங்காலம் மனைவி சொன்னாள்.

"அண்ணியக் கேளுங்க. எப்படி எடுக்கறதுன்னு சொல்லுவாங்க."

"அக்காவுக்கு எப்படித் தெரியும்?"

"கேளுங்க, தெரியும்."

கேட்பதில் எனக்கு ஒரு தயக்கம். கார்பெட் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் பாழாக்கிவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? பிள்ளைகளிடம் கொடுத்த பொம்மை மாதிரி ஆகிவிட்டதே என்று அவள் நினைப்பாள். யோசித்து, வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன்.

"அக்கா, எங்க ஸ்கூல்ல எச்.எம். ரூம்ல ஒரு கார்பெட் இருக்குது. அதுல மெழுகு கொட்டிருச்சு. என்ன பண்ணலாம்?"

எங்கள் எச்.எம். அறையில் இருப்பது ஒரு மேசை, இரண்டு பீரோ, ஒரு பூகோள உருண்டை, வெடிப்பு விட்ட சிமென்ட் தரை. கார்பெட்டை அவர் கல்யாண மண்டபத்தில் பார்த்திருக்கக்கூடும்.

நாலு நிமிஷத்தில் பதில் வந்தது.

"சொரண்டாத. மொதல்ல ஐஸ் கட்டிய பிளாஸ்டிக் கவர்ல போட்டு அது மேல வை. மெழுகு கெட்டியானதும் ஸ்பூனோட பின்பக்கத்தால நெம்பி எடு. கத்தி வேணாம், நூல் அறுந்துரும். மிச்சத்துக்கு வெள்ளத் துணி விரிச்சு, அயர்ன் பாக்ஸ லேசான சூட்டுல வை. மெழுகு துணிக்கு ஏறிக்கும். ஒரே எடத்துல வெச்சுட்டு நிக்காத, போயிட்டே இரு."

எல்லாவற்றையும் செய்தேன், ஒன்றைத் தவிர. நல்ல வெள்ளைத் துணியை எதற்குக் கெடுப்பது என்று அன்றைய செய்தித்தாளை விரித்து அயர்ன் பாக்ஸை வைத்தேன். மெழுகு பேப்பருக்கு ஏறியது. பேப்பரில் இருந்தது கார்பெட்டுக்கு இறங்கியது. வீட்டுமனை விளம்பரம் ஒன்று தலைகீழாக, இடவலம் மாறி, மங்கலாகத் தெரிந்தது. "பஸ் ஸ்டாண்டுக்கு மிக அருகில்" என்பது வரை படிக்க முடிந்தது. மறுபடி அக்காவைக் கேட்டேன்.

"பேப்பர்னு நான் சொன்னனா?" என்று மட்டும் முதலில் வந்தது. அதற்குப் பிறகு, ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றி எடுக்கச் சொல்லி இன்னொரு பதிவு. ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. கறையின் விளிம்பிலிருந்து நடுவுக்கு வர வேண்டும், நடுவிலிருந்து விளிம்புக்குப் போகக் கூடாது. அந்தக் குரலில் ஒரு அதிகாரம் இருந்தது. சின்ன வயதில் எனக்குத் தலை சீவிவிட்டபோது கேட்ட குரல் அது.

இரண்டாவது கறை என் மகள் போட்டது. மனைவியின் சித்தி வீட்டார் வந்திருந்தபோது, அவர்கள் குழந்தையோடு போட்டி போட்டு ஓடி விளையாடி, கழிவறைக்குப் போக நேரமில்லாமல் நடந்தது. எச்.எம். அறையை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை.

"எச்.எம். ரூம்ல எப்படிடா ஒண்ணுக்குப் போனாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"பக்கத்துலயே அங்கன்வாடிக்கா. புள்ளைங்க வரும் போகும்."

அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. பிறகு, "செரி. மொதல்ல துணிய வெச்சு ஏறி நில்லு, ஈரம் பூரா துணிக்கு வரட்டும். ஒரு பங்கு வினிகர், ரெண்டு பங்கு தண்ணி. காஞ்சதும் ஆப்ப சோடாவத் தூவி ராத்திரி பூரா விடு. காலையில கூட்டி எடுத்துரு" என்றாள். அப்படியே செய்தோம். வாடைகூட இல்லாமல் போனது. அக்காவுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்று நான் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. யோசித்தேன். ஆஸ்பத்திரியில் சுத்தம் முக்கியம் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது கறையைப் போட்டவன் நான். ஈஸ்டருக்கு மாமனார் மாமியார் வந்திருந்தார்கள். மாமனாருக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் சோறு இறங்காது. கார்பெட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளையே பரிமாறுகிறார் என்ற பெயர் கிடைக்கட்டும் என்று, மனைவி கையில் இருந்த மட்டன் குழம்புக் குண்டாவை நான் வாங்கினேன். குண்டா சூடாக இருந்தது. அதைச் சொல்ல மனைவி வாயைத் திறப்பதற்குள் விட்டுவிட்டேன்.

எங்கள் காட்டில் விளைந்த மஞ்சளை அரைத்துப் போட்ட குழம்பு. எண்ணெயை மாவு தூவி எடுத்துவிட்டோம். மஞ்சள் மட்டும் இரண்டு கை அகலத்துக்கு அப்படியே நின்றது. எச்.எம். அறையில் மட்டன் குழம்பு கொட்டிய கதையைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்ததால், இந்தத் தடவை அக்காவைக் கேட்காமல் நானே இறங்கினேன். துணி சோப்பை நனைத்து, முழங்காலில் நின்று, பலம் கொண்ட மட்டும் தேய்த்தேன். மஞ்சள் கண்ணெதிரே சிவப்பானது. தேய்க்கத் தேய்க்கச் சிவந்தது. யாரையோ வெட்டிப்போட்ட இடம் மாதிரி ஆகிவிட்டது.

மாமியார் வந்து பார்த்தார். அவர் மகளுக்கும் எனக்கும் கல்யாணமாகி வீட்டு வாசலில் நின்றபோது ஆரத்தி கரைத்தவர் அவர்தான்.

"மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பக் கலந்தா ஆரத்தி செவக்கும்ங்கல்ல. சோப்புக்கும் அதே கொணந்தானுங்க மாப்பிள்ள" என்றார். ஐம்பது கல்யாணத்தில் ஆரத்தியைப் பார்த்தவன் நான். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. கார்பெட்டுக்கும் ஆரத்திக்கும் முடிச்சுப் போடத்தான் தோன்றவில்லை.

அதே வாரம் உபதேசியார் ஒரு வரன் கொண்டுவந்தார். ஏரியூர்ப் பக்கம். மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறார். வயது நாற்பத்தைந்து. மனைவி இறந்து ஐந்து வருஷம், பிள்ளை இல்லை. அம்மா பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த நர்ஸ் பெண்ணாக இருந்தால் வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்கிறார்களாம்.

"உங்கக்காவுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குதுங்க" என்றார் உபதேசியார்.

அக்காவுக்கு மே மாதம் லீவு கிடைத்திருந்தது. போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"என்னப் பத்தி அவங்ககிட்ட என்னடா சொல்லியிருக்கீங்க?"

"எல்லாம் சொல்லியாச்சுக்கா. நர்ஸ்னுதான் கேக்கறாங்க."

"அவரு எப்படி?"

"நல்ல மனுசன்னு உபதேசியார் சொல்றாரு."

"செரி, வரச் சொல்லு. எனக்கும்னு ஒரு வூடு வேணும்டா. அடுத்தவங்க எடத்துலயே இருந்து அலுத்துப்போச்சு" என்றாள். ஹாஸ்டலைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அக்கா தனக்கு ஒன்று வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எப்படியாவது இது கூடிவர வேண்டும் என்று எனக்கு இருந்தது. மெய்யாகவே இருந்தது.

ஆகவே கார்பெட் சுத்தமாக வேண்டும். கார்பெட் இல்லாமலே பெண் பார்க்க வரட்டும், என்ன கெட்டுப்போகும் என்று மனைவி சொன்னாள். எனக்கு அது ஒப்பவில்லை. குவைத்தில் ஒன்பது வருஷம் இருந்தவள் வீட்டில் குவைத்துக்கு அடையாளமாக ஒன்று இருக்க வேண்டாமா? கடைசியில் மானத்தை விட்டு அக்காவுக்கே பதிவு அனுப்பினேன். எச்.எம்.முக்கு ரிடையர்மென்ட் விருந்து, மட்டன் குழம்பு கொட்டிவிட்டது, பியூன் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டான் என்று. எங்கள் பள்ளியில் பியூன் பணியிடம் காலியாகி நாலு வருஷம் ஆகிறது.

"செவந்துபோச்சா? பயப்படாத. வினிகர்ல நனைச்ச துணிய வெச்சு ஒத்து, மறுபடி மஞ்சளாயிரும். சோப்பு சுத்தமாப் போற வரைக்கும் தண்ணிய ஒத்தி ஒத்தி எடு. அப்புறம் வெயில்ல போடு. மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து. எச்.எம். ரூம் கார்பெட்ட எந்த மொட்ட மாடியில போடுவீங்களோ, போடுங்க."

மே மாத வெயில் எங்கள் ஊரில் தட்டுப்பாடு இல்லாமல் கிடைக்கும். மூன்று நாள் மொட்டை மாடியில் கிடந்தது. காக்கைக்குக் காவலாக நான் குடையோடு உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் மஞ்சள் எலுமிச்சை நிறத்துக்கு வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம், கறை எங்கே இருந்தது என்பதில் எனக்கும் மனைவிக்கும் சண்டை வந்தது. அந்த அளவுக்குப் போய்விட்டது.

அக்கா வந்தாள். மகளைத் தூக்கிக் கொஞ்சினாள். ஹாலில் விரித்திருந்த கார்பெட்டைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் குனிந்து, நூலை விரலால் இரண்டு பக்கமும் நீவிப் பார்த்தாள்.

"எச்.எம். ரூம்லயும் இதே மாதிரிதான் போட்டிருக்காங்களாடா?" என்றாள்.

"கிட்டத்தட்ட" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஏரியூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அக்கா, கூடவே உபதேசியார். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் இருந்தார். தீவன மூட்டை தூக்கிய தோள், பேச்சு ரொம்பக் குறைவு. அவருக்கும் சேர்த்து அவர் அக்கா பேசினார். அம்மாவுக்கு எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, முதுகில் புண் வராமல் எப்படித் திருப்பிப் போட வேண்டும் என்பதையெல்லாம், பொறுப்பு ஒப்படைக்கிறவர் மாதிரி அப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார். அக்கா பட்டுப் புடவை கட்டி, காபித் தட்டோடு வந்தாள். முப்பத்தொன்பது வயதிலும் தட்டு பிடித்துத்தான் வர வேண்டியிருந்தது. மாப்பிள்ளை டம்ளரை எடுக்கக் கையை நீட்டினார். அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே எடுத்ததில் டம்ளர் நழுவியது.

காபி முழுவதும் கார்பெட்டில்.

"அய்யோ" என்று மாப்பிள்ளை கைக்குட்டையை எடுத்துக் கீழே குனிந்து தேய்க்கப் போனார்.

"தேய்க்காதீங்க!" என்றாள் அக்கா. அவரிடம் அவள் பேசிய முதல் சொல் அது. கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

தட்டை என் கையில் கொடுத்தாள். புடவைக் கொசுவத்தை ஒரு கையால் இழுத்துச் செருகி, மண்டி போட்டாள். வெள்ளைத் துணி, பச்சைத் தண்ணீர், பாத்திரம் விளக்கும் சோப்பு நீர் ரெண்டு சொட்டு, வினிகர் என்று மனைவியிடம் வரிசையாகக் கேட்டாள். மனைவி எல்லாவற்றையும் கொண்டுவந்தாள். அக்கா துணியை நாலாக மடித்து, வெளி விளிம்பில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். எடுத்தாள். துணியின் அடுத்த மடிப்பைத் திருப்பினாள். அழுத்தினாள். எடுத்தாள். அவள் கை யாரையும் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பதே அந்தக் கைக்குத் தெரியாது. மாப்பிள்ளை எழுந்துகொள்ள மறந்து, கைக்குட்டையோடு எதிரில் மண்டி போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷத்தில் கறை போய்விட்டது.

மாப்பிள்ளையின் அக்காவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"ரொம்பப் பழக்கம் போல இருக்குதுங்களே. ஆஸ்பத்திரியில கார்பெட்டெல்லாம் போடுவாங்களா?"

"வெளிநாட்டுல எல்லாம் போடுவாங்க" என்றேன் நான். எச்.எம். அறையில் விரித்தவனுக்கு ஆஸ்பத்திரியில் விரிப்பது பெரிய காரியமில்லை.

அக்கா தலையைத் தூக்கவில்லை. ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"ஆஸ்பத்திரி இல்லைங்க. வூட்டு வேலை. ஒம்பது வருசமா அதான் பாக்கறேன். இப்ப இருக்கற வூட்டுல பதினோரு கார்பெட்டு. கூட்டறது, தொடைக்கறது, கறை எடுக்கறது எல்லாம் நான்தான். கிளினிக்ல ரெண்டு வருசம் இருந்தேன், ஊசி போடத் தெரியும். நர்ஸ் இல்லைங்க. உங்கம்மாவ நல்லாப் பாத்துக்குவேன். ஆனா நர்ஸ்னு நெனச்சு நீங்க கட்டிட்டுப் போகக் கூடாது."

மாப்பிள்ளையின் அக்கா உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் கார்பெட்டைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

"செரிங்க, போயிட்டுப் போன் பண்றோம்" என்று மாப்பிள்ளையின் அக்கா எழுந்தார். பலகாரத் தட்டில் யாரும் கை வைக்கவில்லை. வாசலில் மாப்பிள்ளை மட்டும் திரும்பி, "கார்பெட்டு வீணாப் போச்சுங்களா?" என்று அக்காவைக் கேட்டார். "இல்லைங்க, கறை சுத்தமாப் போயிருச்சு" என்றாள்.

வண்டி தெருமுனை திரும்பியதும் எனக்குக் கோபம் வந்தது. அது யார் மேல் என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

"கல்யாணம் முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கலாம்லக்கா? இப்ப என்ன அவசரம்?"

"எங்க நின்னுடா சொல்றது? படுத்துக் கெடக்கற அந்தம்மாவுக்கு முன்னாடி நின்னா?"

"அப்ப இத்தன வருசம் ஆஸ்பத்திரின்னு சொல்லி ஊர ஏமாத்துனது மட்டும் செரியா?"

"ஆஸ்பத்திரின்னு நான் எப்படா சொன்னேன்?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

யோசித்துப் பார்த்தேன். போன புதிதில், வேலை கிடைத்துவிட்டது என்று போனில் சொன்னாள். கிளினிக்கில் இருந்தவளுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று நானே முடிவு செய்து கோயில் வாசலில் சொன்னேன். அப்புறம் எனக்குப் பெண் பார்த்தபோது, மாமனார் வீட்டில் உட்கார்ந்து, "அக்கா குவைத்துல நர்ஸ்" என்று சொன்னேன். அங்கே என் இளநிலை உதவியாளர் உத்தியோகம் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. அதற்கு முட்டுக் கொடுப்பதற்காக நான் சொன்னது அது.

"உன் கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள சாமியாரு மைக்குல சொல்லிட்டாரு. அப்புறம் எங்க போயி மாத்தறது?" என்றாள் அக்கா.

அப்போதுதான் எனக்கு இன்னொரு பயம் பிடித்தது. இத்தனையும் மனைவியின் முன்னால் நடக்கிறது. அவளைக் கட்டிக்கொடுத்தது இந்தப் பேச்சை நம்பி. திரும்பிப் பார்த்தேன். அவள் பலகாரங்களை டப்பாவில் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியுங்க" என்றாள். "கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி அண்ணி எனக்குப் போன் பண்ணுனாங்க. 'நான் இங்க வூட்டு வேலை பாக்கறேன். தம்பி வேற மாதிரி சொல்லியிருக்கான். அதனால வேணாம்னா இப்பவே சொல்லிரும்மா, நான் பேசிக்கறேன்'னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"அவரு வேலையாச்சும் நெசந்தானான்னு கேட்டேன். அது நெசந்தான்னாங்க. அப்ப செரின்னுட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டாச் சொல்லலாம்னு அண்ணி சொன்னாங்க. நீங்க கேக்கவே இல்ல. அங்க எந்த ரூம்ல தூங்கறாங்க, என்ன சாப்புடறாங்கன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

இல்லை. கார்கோ வந்ததா என்று கேட்டிருக்கிறேன். எப்போது லீவு என்று கேட்டிருக்கிறேன். மெழுகை எப்படி எடுப்பது என்று கேட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை போன் வந்தது. உபதேசியார்தான் பேசினார். மாப்பிள்ளைக்குப் பிடித்திருக்கிறதாம், அவர் அக்காவுக்கு மனசு வரவில்லையாம், அவர் அக்கா சொல்லை மீற மாட்டாராம். ஆக, வேண்டாம். அக்காவிடம் சொன்னேன். "செரி" என்றாள். அப்புறம் சமையலறையில் நின்று அழுதாள். மறைத்துக்கொண்டு அழவில்லை. நாங்கள் பார்க்கப் பார்க்க, அடுப்பை அணைத்துவிட்டு, வாய்விட்டு அழுதாள். மனைவி அவளைப் பிடித்துக்கொண்டாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தாள்.

லீவு முடிந்து அவள் கிளம்பியபோது, பெங்களூரு விமான நிலையத்துக்கு நானே கூடப் போனேன். வழக்கமாகத் தருமபுரியில் பஸ் ஏற்றிவிட்டு வந்துவிடுவேன். இந்தத் தடவை வாடகைக் கார். நண்பகலில் புறப்பட்டோம். வண்டி தருமபுரி தாண்டியது.

"காலையில எத்தன மணிக்குக்கா எந்திரிப்பே?" என்றேன்.

"ஃப்ளைட்டு இன்னைக்கு ராத்திரிடா."

"இல்லக்கா. அங்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நாலரைக்கு" என்றாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மொதல்ல சமையக்கட்டு..." என்று ஆரம்பித்தாள். முதலில் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். காரிமங்கலம் வரை முதல் வீட்டுச் சமையலறையிலேயே இருந்தோம். அங்கே துணி துவைக்கும் அறையில் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் பாய் போட்டுத் தூங்கியிருக்கிறாள். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் வரிசையில் நின்றபோது இரண்டாவது வீட்டுக்கு மாறினாள். அங்கே இருந்த கிழவி இவளை மகளே என்று கூப்பிட்டு, செத்தும் போனாள். ஒசூரில் டீக்கு நிறுத்தினோம். மூன்றாம் வருஷம் நடந்துகொண்டிருந்தது. அந்த வருஷத்தில்தான் என் கல்யாணம்.

"அன்னைக்கு அவங்க வூட்டுல பெரிய விருந்து. எனக்கு லீவு குடுக்கல. நீ தாலி கட்டுற நேரத்துக்கு நான் மண்டி போட்டு மாதுளை ஜூஸ் கறை எடுத்துகிட்டு இருந்தேன். போட்டோ வந்து வந்து போன் சத்தம் போடுது. கை பூரா ஈரம், தொட முடியல. அந்தக் கறை போறதுக்கு ஒண்ணரை மணி நேரம் ஆச்சுடா" என்றாள்.

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். அவள் சிரித்து, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, வண்டியில் ஏறச் சொன்னாள்.

விமான நிலையத்தில் வண்டி நின்றபோது அவள் ஐந்தாம் வருஷத்தில்தான் இருந்தாள். பெட்டியை இறக்கி வைத்தேன். உள்ளே போக இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்றாள்.

"அப்புறம்?" என்றேன்.